முதுகுக்கு ஒண்ணு

லாரன்ஸ் ரோட்டில் அந்தச் செருப்புக் கடை மூட
ஒன்பதரை ஆகும்.
ஷட்டர் இறங்கும் சத்தம்
ஒரே ஒருத்திக்கு
கதவு திறக்கும் சத்தம்.

மூன்று வருடமாக
ஜெராக்ஸ் கடை வேலை முடிந்து
மகளோடு அந்த வழியாகத்தான் நடக்கிறேன்.
மூன்று வருடமாக, சரியாக அந்த இடம் வரும்போது
அவளுக்கு எதையாவது காட்டுவேன்:
அதோ பாரு, பண்ருட்டி பஸ்.
அதோ பாரு, கோபுரத்துல லைட்டு.

ஏழு வயதில் நறுமுகை
நான் காட்டும் திசையில் பார்ப்பதை
நிறுத்திவிட்டாள்.

"அவங்க ஏன் அங்க படுத்திருக்காங்க?"
வீடு இல்ல.
"தொலைஞ்சிடுச்சா?"
போன வாரம் பென்சில் டப்பாவுக்குக் கேட்ட அதே குரல்,
பெஞ்சுக்கு அடியில் பார்த்தால்
கிடைத்துவிடும் என்கிற குரல்.
இல்லடி, காசு இல்ல.
"நம்மகிட்ட இருக்கா?"
வாடகை குடுக்கற அளவுக்கு இருக்கு.
"வாடகைன்னா, நம்ம வீடு யாருது?"
ஜீவரத்தினம் சாருது.
"அப்ப நமக்கும் இல்ல."

எங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு அம்மா
தன் பையனிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்:
ஒழுங்கா படிக்கலேன்னா இப்படித்தான்.
அந்த வாக்கியம் என் நாக்கிலும் இருந்தது.
அன்றைக்கு ஹோம்வொர்க் வேறு நிறைய.

சுரங்கப்பாதையில் இறங்கி ஏறும் வரை
இருவரும் பேசவில்லை.

கெடிலத்தில் வெள்ளம் வந்த வருஷம்
இவளை வயிற்றில் வைத்துக்கொண்டு
பள்ளிக்கூடத்தில் ஒன்பது ராத்திரி படுத்திருந்தேன்.
மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு.
பொட்டலச் சோறு வந்தது, போட்டோவும் எடுத்தார்கள்.
நைட்டிக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
இதை இவளிடம் எப்போதும்
சிரிப்புக் கதையாகத்தான் சொல்லியிருக்கிறேன்:
பொறக்கறதுக்கு முன்னாடியே
நீ ஸ்கூலுக்குப் போயிட்டடி.

"அதுவா இது?" என்றாள் வீட்டு வாசலில்.
கொஞ்சம் அது.
அது ஒம்பது நாள்ல முடிஞ்சுது.

மறுநாள் என் கையை உதறிவிட்டு
நேராகப் போய்க் குந்திக்கொண்டாள்.
"உங்க பேரு என்ன?"
அஞ்சலாட்சி.
"மழை பெஞ்சா என்ன செய்வீங்க?"
உக்காந்துக்குவேன் பாப்பா.
படுத்தா முழுசும் நனையும்.
உக்காந்தா கொஞ்ச இடந்தான்.

சொல்லிக்கொண்டே ஒரு கல்யாண ஃப்ளெக்ஸை விரித்தாள்,
மாப்பிள்ளை முகம் தரையைப் பார்க்க.
என் கைக்குள் மடித்து வைத்திருந்த இருபது ரூபாய்
வேர்த்துக்கொண்டிருந்தது.
அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

நீ எங்க படுப்ப?
"ஃபேனுக்கு நேரா கீழ. நட்ட நடுவுல."
நடுவுல படுக்காத.
ரெண்டு பக்கமும் முழிச்சிருக்கணும்.
சுவத்தோரமா படு,
முதுகுக்கு ஒண்ணு இருக்கணும்.

அந்த இருபது ரூபாய்
இன்னும் என் பையின் சின்ன ஜிப்புக்குள் இருக்கிறது.
கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.
ஏன் என்று நறுமுகை கேட்கவில்லை.
அவள் கேட்காத கேள்வி அது ஒன்றுதான்.

ராத்திரி பாயை இழுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள்.
சுண்ணாம்பு ஒட்டும்டி.
"ஒட்டட்டும்."
விளக்கை அணைத்தேன்.

"அம்மா, ஷட்டர் குளிருமா?"
தெரியாது.
"ஸ்கூல் சுவரு?"
ஈரமா இருந்துச்சு. கரும்பலகைக்குக் கீழதான் நம்ம இடம்.
எந்திரிச்சா தலையெல்லாம் சாக்பீஸ் தூளு.
"நீ முதுக வச்சிருந்தியா?"
வச்சிருந்தேன்.
"நான்?"
நீ முன்னால இருந்த.

கொஞ்ச நேரம் யோசித்தாள், தூங்கிப்போனாள்.
மணி பத்து தாண்டியிருந்தது.
பூட்டினேனா என்று
எழுந்து போய்ப் பார்த்தேன்.